ஒரு கிள்ளு மாவு

என் அண்ணி ஃபுவென்சாந்தா வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது வெந்த வைக்கோல் வாசனையோடு வருவாள். எங்கள் குடும்பமோ ரொட்டிக் கடைக் குடும்பம். அண்ணன், நான், கதவு, திரைச்சீலை எல்லாவற்றிலும் சுட்ட ரொட்டி மணக்கும். நடுவில் இவள் ஒருத்தி மட்டும் மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சிவிட்டு வந்தவள் மாதிரி வந்து நிற்பாள். "அண்ணி, முதல்ல குளி. அப்புறம் பேசலாம்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வேன். "பொறாமைப்படாத நாத்தனாரே, இது ஆராய்ச்சி வாசனை" என்பாள்.

அவள் வேலை அப்படி. எங்கள் ஊரான கோர்தோபாவுக்கு வெளியே ஆற்றைத் தாண்டி ஒரு ஆராய்ச்சி நிலையம். அங்கே கண்ணாடி வீட்டுக்குள் கோதுமை வளர்க்கிறார்கள். சாதாரணக் கோதுமை இல்லை, உள்ளே மரபணுவில் கை வைத்த கோதுமை. அதில் ஒரு மணிகூட உயிரோடு வெளியே போகக் கூடாது என்று சட்டம். கதிர், வைக்கோல், வேர், தொட்டி மண் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஒரு பெரிய பிரஷர் குக்கரில் போட்டு அவிக்க வேண்டும். ஆள் நிற்கலாம் போல அவ்வளவு பெரிசு. தண்ணீர் ஊற்றுவது, மகரந்தம் கலக்காமல் கதிருக்கு உறை மாட்டுவது, அறுப்பது, கடைசியில் மிச்சத்தையெல்லாம் அவிப்பது, இவ்வளவும் அண்ணியின் பொறுப்பு. கிளம்பும்போது சட்டைக் கையை உதறி, செருப்பைத் தட்டி, முடியைக் கோதிப் பார்த்துவிட்டுத்தான் வாசல் தாண்டுவாள்.

எங்கள் ஊரில் ரொட்டி கீழே விழுந்தால் எடுத்து முத்தம் கொடுத்துவிட்டுத்தான் மேசையில் வைப்போம். தலைகீழாக வைத்த ரொட்டியைக் கண்டால் யார் வீடாக இருந்தாலும் திருப்பி வைத்துவிட்டுத்தான் உட்காருவோம். அப்படி வளர்ந்தவளுக்குக் கோதுமையை அவித்துக் கொல்வது லேசாகவா இருக்கும்? சேர்ந்த புதிதில் ஒவ்வொரு மூட்டைக்கும் முத்தம் கொடுத்துத்தான் உள்ளே தள்ளுவாளாம். அங்கே பெரிய ஆராய்ச்சியாளர் டாக்டர் அமாயா, எங்கள் நாட்டின் வடக்குப் பக்கத்துக்காரர். அவர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டார்.

"என்ன பண்றீங்க, ஃபுவென்சாந்தா?"

"மன்னிப்பு கேக்கறேன் டாக்டர்."

"கோதுமைகிட்டயா?"

"பின்ன, உங்ககிட்டயா?"

அன்றிலிருந்து டாக்டருக்கு அவள் மேல் தனிப் பிரியம்.

என் பெயர் சொகோரோ. எங்கள் மொழியில் அதற்கு 'காப்பாத்துங்க' என்று அர்த்தம். என் அம்மா தெருவில் நின்று என்னைக் கூப்பிட்டால் எங்கோ தீப்பிடித்துவிட்டதென்று யாராவது வாளியோடு ஓடி வருவார்கள். சான்தா மரினா பேட்டையில் எங்கள் ரொட்டிக் கடை. பின்னால் அடுப்பு, அண்ணன் பார்த்தோலோ. முன்னால் கல்லா, நான். அண்ணன் போடும் தெலேரா ரொட்டிக்கு மூன்று தெரு தள்ளியிருந்தெல்லாம் வருவார்கள். மேலே இரண்டு கீறல், வெளியே முறுமுறு, உள்ளே நெருக்கமாகப் பஞ்சு. கோடையில் எங்கள் ஊரே தக்காளியையும் பூண்டையும் எண்ணெயையும் அந்த ரொட்டியோடு அரைத்துச் சில்லென்று கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கும். சல்மொரேஹோ. அது இல்லாமல் இங்கே ஜூலை மாதம் மனுஷன் உயிரோடு இருக்க முடியாது.

அந்த அண்ணனுக்குத்தான் கோதுமை ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ரொம்ப நாளாக வயிற்று உபாதை. ஆள் இளைத்துக்கொண்டே வந்தான். ரத்தம் ஏறவில்லை. இரும்புச் சத்து மாத்திரையாகக் கொடுத்துத் தள்ளினார்கள். கடைசியில் ஒரு சின்ன வயசு டாக்டர் பெண் கண்டுபிடித்தாள். கோதுமை மாவை இழுத்தால் இழுபடுகிறதே, அந்தப் பசைச் சத்தில் ஒரு பகுதி அவன் குடலைப் புண்ணாக்குகிறது. மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க ரொட்டியைத் தொடக் கூடாது. முடிந்தால் மாவுத் தூசி பறக்கும் இடத்திலேயே இருக்கக் கூடாது.

தெருவே சிரித்தது. நான் மட்டும் என்ன? கசாப்புக் கடைக்காரன் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தானாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. பக்கத்து ஊர் பாயேனாவில் எங்கள் சித்தப்பா மகன் ஆலிவ் எண்ணெய் ஆலை வைத்திருக்கிறான். அவனுக்குப் போன் போட்டு வேலை கேட்டான். அவனும் "அறுவடைக்கு முன்னாடியே வந்துடு அண்ணே" என்று சொல்லிவிட்டான். கடையை மூடுவதென்று முடிவாகிவிட்டது.

அந்த வாரம்தான் அண்ணி ஓட்டமும் நடையுமாகக் கடைக்குள் வந்தாள். குளிக்கக்கூட இல்லை. வெந்த வைக்கோல் வாசனையோடு நேரே அடுப்படிக்குப் போனாள்.

"பார்த்தோ! கடையை மூடாத."

"ஏன்டி, என்னை இங்கயே சாகச் சொல்றியா?"

"டாக்டர் அமாயா இன்னிக்கு எங்களைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அந்த விஷத்தை எடுத்துட்டு ஒரு கோதுமை பண்றாங்களாம். உன்னை மாதிரி வயிறு இருக்கிறவங்களுக்கு. உனக்குன்னே ஒரு கோதுமை வளருது பார்த்தோ. நான்தான் தண்ணி ஊத்துறேன்."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். "எப்ப வரும்?"

"சீக்கிரம் வந்துடும்."

அன்றைக்குச் சாயங்காலமே பாயேனாவுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டான். இந்தக் கதையில் நடந்தது எல்லாம் அந்த ஒரு வார்த்தையிலிருந்து வந்ததுதான். அண்ணி அப்படித்தான் சொல்கிறாள், நான் இல்லை என்றுதான் சண்டை போடுகிறேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் தெரியும்.

அதற்கப்புறம் அண்ணி போலீஸ்காரி ஆகிவிட்டாள். அவனுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. கடையில் மூக்கையும் வாயையும் மூடி முகமூடி. அரிசி மாவிலும் சோள மாவிலும் செய்த ரொட்டி வாங்கி வருவாள். அண்ணன் அதைத் தட்டிப் பார்த்து, "சுவத்துல ஓட்டை இருந்தா சொல்லு, அடைச்சுக் குடுக்கறேன்" என்பான். சல்மொரேஹோவை ரொட்டி போடாமல் அரைத்து வைத்தாள். "இது தக்காளித் தண்ணி" என்று தள்ளி வைத்துவிட்டான். ஆனாலும் சத்தியமாக ஒரு துண்டு ரொட்டி வாயில் வைக்கவில்லை. தினமும் அவள் உள்ளே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "என் கோதுமை எப்படி இருக்கு?" என்பதுதான்.

"நல்லா இருக்கு. முழங்கால் உசரம் வந்திருக்கு."

"தண்ணி ஊத்தினியா?"

"இல்ல, ஒயின் ஊத்தினேன். போடா."

கடைக்கு வருகிறவர்களும் கேலி செய்வார்கள். "என்ன பார்த்தோலோ, உன் கோதுமைக்குப் பல்லு முளைச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு ரொட்டியை அக்குளில் செருகிக்கொண்டு போவார்கள்.

வேலை நடக்காமல் இல்லை. பாவம், அங்கே எல்லோரும் முதுகொடிய உழைத்தார்கள். அண்ணி சாப்பாட்டு மேசையில் ரொட்டித் துகளை மூன்றாகப் பிரித்து வைத்து எங்களுக்கு விளக்குவாள். கோதுமை என்பது ஆதியில் மூன்று புல் கலந்து பிறந்ததாம். மூன்று புல்லின் மரபணுவும் அதற்குள் அப்படியே இருக்கிறது. அதனால் எதுவும் ஒன்றாக இருக்காது, ஒன்றை அடைத்தால் அதே வேலையைச் செய்ய இன்னொன்று இருக்கும். அண்ணன் வயிற்றைக் குத்துகிற சத்துக்கோ ஒரு மரபணுப் படையே இருக்கிறது. முதலில் வெளியிலிருந்து ஒரு துணுக்கை உள்ளே வைத்து அந்தப் படையை வாய் மூட வைத்தார்கள். முக்கால்வாசி அடங்கிவிட்டது. அந்த மாவைப் பிசைந்து சுட்டபோது ரொட்டி நன்றாக உப்பியதாம். அன்றைக்கு அண்ணி சமையலறையில் கரண்டியை வைத்துக்கொண்டு ஆடினாள். அண்ணனும் சேர்ந்து கைதட்டினான்.

"அப்ப எனக்கு எப்ப?"

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு அதுல."

"கொஞ்சந்தானே?"

"உன் வயித்துக்கு அது கொஞ்சமில்ல."

அதுவும் வெளித் துணுக்கு உள்ளே இருப்பதால் சட்டப்படி எங்கள் நாட்டு வயலில் விதைக்க வழியில்லை. கண்ணாடி வீட்டுக்குள்ளேயே பிறந்து கண்ணாடி வீட்டுக்குள்ளேயே வெந்தது. அப்புறம் புதுசாக மரபணுவையே வெட்டுகிற ஒரு கத்தரிக்கோல் வந்தது. வெளியிலிருந்து எதையும் வைக்க வேண்டாம், உள்ளே இருக்கும் கெட்டதை மட்டும் கத்தரித்துவிட்டால் போதும். அதற்குப் பிஞ்சுக் கதிரைப் பிளந்து, பால் வைக்கும் மணிக்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத கருவைக் கிள்ளி எடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்க்க வேண்டும். நூறு கரு எடுத்தால் செடியாகி வருவதை விரல் விட்டு எண்ணலாம். இங்கே வயலில் நன்றாக விளைகிற ரகமெல்லாம் தட்டில் முரண்டு பிடித்துச் செத்துப்போகும். எவனும் விதைக்காத ஏதோ ஒரு பழைய ரகம்தான் சமர்த்தாக முளைக்கும். அதில் கத்தரித்து, பிறகு நல்ல ரகத்தோடு சேர்த்து, மறுபடி மறுபடி விதைத்துப் பார்க்க வேண்டும். கோதுமை என்ன கீரையா, விதைத்த வாரம் பறிக்க?

அப்படிக் கண்ணும் கருத்துமாக வளர்த்துக்கொண்டிருக்கும்போது ஐரோப்பாவுக்கெல்லாம் பெரிய கோர்ட்டு, கத்தரிக்கோலால் வெட்டினாலும் பழைய சட்டம்தான் என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு டாக்டர் அமாயா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாராம். அண்ணி வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னாள். அண்ணன் தட்டை நகர்த்தி வைத்தான். பிறகு, "என் கோதுமை எப்படி இருக்கு?" என்றான்.

"நல்லா இருக்கு" என்றாள் அவளும். "சீக்கிரம் வந்துடும்."

இப்படியே எங்கள் எல்லோருக்கும் முடி நரைத்தது.

பிறகு நிஜமாகவே ஒருநாள் வந்தது. ஆஸ்பத்திரியோடு சேர்ந்து சோதனை. அந்தக் கோதுமை ரொட்டியைச் சில நோயாளிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். நிபந்தனை ஒன்றுதான். வருகிறவன் கோதுமையை விட்டு ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும், குடல் ஆறியிருக்க வேண்டும், ரத்தம் சுத்தமாக இருக்க வேண்டும். அண்ணன் முகம் மழித்து, திருவிழாச் சட்டை போட்டுக்கொண்டு ரத்தம் கொடுக்கப் போனான். போகும்போது என்னிடம், "சொகோரோ, தக்காளி நல்லதாப் பாத்து எடுத்து வை. முதல் ரொட்டியில பாதி சல்மொரேஹோவுக்கு" என்றான்.

ரத்தம் சுத்தமாக இல்லை. கொஞ்சம்கூட இல்லை. குடல் ஆரம்பத்திலிருந்தே ஆறவே இல்லை என்றார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டர் கோபமாகவே கேட்டிருக்கிறார், திருட்டுத்தனமாக எவ்வளவு ரொட்டி சாப்பிடுகிறாய் என்று. அண்ணனுக்குக் கண் சிவந்துவிட்டது. "ஃபுவென்சாந்தா மாதா மேல சத்தியம். இத்தனை வருஷத்துல ஒரு துண்டு ரொட்டி என் பல்லுல பட்டதில்ல." எங்கள் ஊர் மாதாவுக்கும் அந்தப் பெயர்தான், பெண்டாட்டிக்கும் அந்தப் பெயர்தான். பொய் சொல்லவில்லை என்று அண்ணிக்குத் தெரியும். அப்படியானால் எங்கிருந்து உள்ளே போகிறது? முகமூடியில் ஓட்டையா? மாவுத் தூசியா? லீவு போட்டுவிட்டுக் காலையில் கடைக்கு வந்து மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள். நானும் வேடிக்கை பார்க்க உள்ளே போனேன்.

அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினான். முகமூடியைத் தாடைக்கு இறக்கினான். மாவில் ஒரு கிள்ளு கிள்ளி நாக்கில் வைத்தான். சப்புக் கொட்டினான். தலையை ஆட்டினான். முகமூடியை ஏற்றிக்கொண்டான்.

அண்ணி அப்படியே நின்றாள். "இப்ப என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்?"

"வாயில என்ன போட்ட?"

"உப்பு பாத்தேன்."

"தினமுமா?"

"ஒவ்வொரு பிசைவுக்கும் பாக்கணும்டி. உப்பு பாக்காம எவனாவது ரொட்டி போடுவானா?"

"பாவி! மாதா மேல சத்தியம் பண்ணினியேடா!"

"ரொட்டி சாப்பிடலன்னுதானே பண்ணினேன்? இது ரொட்டியா? மாவு!"

கடவுளே, அவன் அதை நம்பித்தான் சொன்னான். விளையாட்டுக்கு இல்லை. ரொட்டி என்றால் அடுப்பிலிருந்து வருவது. மாவு என்பது வேலை. பத்து வயதில் எங்கள் அப்பா கற்றுக்கொடுத்தது, மூச்சு விடுவது மாதிரி. அந்தத் தெருவில் எந்த ரொட்டிக்காரனைக் கேட்டாலும் நான் மாவு தின்பதில்லை என்றுதான் சத்தியம் செய்வான், விரலை நாக்கில் வைத்துக்கொண்டே. நாங்களும் தினம் தினம் பார்த்ததுதான். ஒருத்தன் இமைப்பதை யார் கவனிக்கிறார்கள்?

அன்றைக்கே கடையை மூட வைத்தாள் அண்ணி. பிரயோஜனமில்லை. குடலில் புண் இருந்த இடத்தில் வேறு ஏதோ வளர்ந்துவிட்டிருந்தது. பெயரைச் சொன்னார்கள், நான் அதை வாயால் சொல்ல மாட்டேன்.

அண்ணி யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை. அவள் போய் டாக்டர் அமாயா முன்னால் நின்றாள். "ஒரே ஒரு ரொட்டிக்கு மாவு குடுங்க டாக்டர். இனிமே அவனுக்கு என்ன ஆகப் போகுது?" டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். "மாவு வெளியே போனா இந்த ஆராய்ச்சியையே மூடிடுவாங்க, ஃபுவென்சாந்தா. எத்தனை பேர் காத்துட்டு இருக்காங்க." நான் இதைக் கேட்டுக் கத்தினேன். ஆராய்ச்சி பாழாய்ப் போகட்டும், ஒரு கைப்பிடியை மார்புச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வரத் தெரியாதா உனக்கு என்று கேட்டேன்.

ஒருநாள் அவள் கம்பளிச் சட்டையைக் கழற்றியபோது கை மடிப்பிலிருந்து ஒரு கோதுமை மணி விழுந்தது. இத்தனை வருஷத்தில் முதல் முறை. எடுத்து, முத்தம் கொடுத்து, கொண்டுபோய் அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுதான் பார்த்தோ."

அவன் விரலால் உருட்டினான். மோந்தான். நகத்தால் அழுத்திப் பார்த்தான். "நல்ல கோதுமை" என்றான். ரொட்டிக்காரன் குரலில் சொன்னான், நோயாளிக் குரலில் இல்லை. பிறகு, "கொண்டுபோய் வச்சுடு. உன் வேலை போயிடப் போகுது" என்று திருப்பிக் கொடுத்தான். அவளும் மறுநாள் அதைக் கொண்டுபோய்க் குக்கரில் போட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துத் தெருக் கடையில் சுடச்சுட ஒரு தெலேரா வாங்கி வந்து நீட்டினேன். "இனிமே என்னடா பத்தியம்? சாப்பிடு."

"இத்தனை வருஷம் காத்திருந்தது இதுக்கா சொகோரோ? எடுத்துட்டுப் போ" என்றான்.

மே மாதத்தில் போய்ச் சேர்ந்தான். முற்றங்களில் பூத்தொட்டி பார்க்க ஊரெல்லாம் கூட்டம் வரும் சமயம். தெருவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வழி கிடைக்கவில்லை. நான்தான் முன்னால் போய்க் கத்திக் கத்தி வழி விலக்கினேன்.

அதற்கப்புறம் அண்ணியும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் வேலையை விடவில்லை. மேசையில் உட்கார்ந்து ஒரே பாட்டுத்தான். "நான் அன்னிக்கு வாயைப் பொத்திட்டு இருந்திருந்தா அவன் பாயேனாவுக்குப் போயிருப்பான். எண்ணெய் ஆலையில மாவு ஏது? கிள்ளிப் பாக்க என்ன இருந்திருக்கும் அங்க?"

"நீ நல்லதுதான அண்ணி நினைச்ச?"

"கோதுமை மேல எனக்குக் கோபமில்ல. அது வளர்ற வேகத்துல வளருது. சீக்கிரம் வந்துடும்னு சொன்னது யாரு? நான்தானே."

காபியைச் சூடு பண்ணிக் கொடுப்பேன்.

போன வாரம் நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கோதுமை ரொட்டியைச் சுட்டுக் கொடுத்தார்கள். சோதனையில் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்கு வயிறு ஒன்றும் செய்யவில்லையாம். இன்னும் பெரிய சோதனை வேண்டும், இன்னும் சட்டம் மாற வேண்டும், ஆனாலும் கொண்டாட ஒருநாள். அண்ணி போக மாட்டேன் என்றாள். "நீ தண்ணி ஊத்தி வளர்த்தது. போய்ட்டு வா" என்று திட்டி அனுப்பினேன். சாயங்காலம் வந்தாள். பையை வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா உப்பியிருந்துச்சு. மேல முறுமுறுன்னு. அவன் போடற மாதிரியே ரெண்டு கீறல் போட்டிருந்தாங்க."

"அப்புறம்?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "உப்பு இல்ல சொகோரோ."

"என்னது?"

"உப்பே இல்ல. போட மறந்துட்டாங்க. எல்லாரும் கைதட்டி, நல்லாருக்கு நல்லாருக்குன்னு சாப்பிடறாங்க. மாவை ஒரு கிள்ளு எடுத்து வாயில வச்சுப் பாக்க அங்க ஆளில்ல." சிரித்துக்கொண்டே இருந்தவள் மேசையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதாள். பெட்டி போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. நானும் அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டிவிட்டு உள்ளே வராமல் போய்விட்டாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அலமாரியைத் திறந்தாள். எங்கள் கடை உப்பு ஜாடி, அண்ணனுடையது, மூடி உடைந்தது. அதை எடுத்து வேலைப் பையில் வைத்தாள்.

"எங்க கொண்டு போற அதை?"

"நாளைக்கு மறுபடியும் சுடறாங்க" என்றாள். "மாவை நான் கிள்ளிப் பாக்கறேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."